நிறுத்தி வைத்த மடல்கள்

போன மாதம் பிரியா போன் செய்தாள். எங்கள் அலுவலகத்தில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்த பெண். இப்போது பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனத்தில், நாங்கள் தர்மபுரியில் செய்த அதே வேலையைப் பல மடங்கு பெரிதாகச் செய்கிறாள். அடுத்தவர்களுக்கு வரும் மின்னஞ்சலில் இருந்து குப்பையையும் வைரஸையும் பிரித்தெடுக்கும் வேலை.

"அக்கா, இங்க எல்லாத்தையும் மெஷினே முடிவு பண்ணிடுது. மனுசங்க யாரும் ஒரு மெயிலக்கூட பாக்குறதில்ல. நீங்க தெனமும் காலைல உக்காந்து ஒண்ணொண்ணா பாப்பீங்கன்னு சொன்னா இவங்க சிரிக்கிறாங்க. எப்படிப் பண்ணோம்னு கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

ஓய்வு பெற்றவளிடம் இப்படிக் கேட்கலாமா? யாராவது எதையாவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கிடப்பவள் நான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது பிரியாதான். கொஞ்சம்தான் கேட்டாள், அதோடு நிறுத்துவதாக எனக்கு உத்தேசம் இல்லை.

முதலில், நான் என்ன வேலை பார்த்தேன் என்பதைப் பிறருக்குப் புரிய வைப்பதே பெரும்பாடு. இண்டூரில் எங்கள் தெருவில் பாதிப்பேர் நான் தபால் ஆபீசில் இருப்பதாக நம்பினார்கள். மணியார்டர் வரவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. என் கணவர் கல்யாண வீடுகளில் "மெயிலுக்கு வாட்ச்மேன்" என்று என்னை அறிமுகப்படுத்துவார். கிண்டலாகச் சொன்னாலும் அதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

நான் படித்தது கணக்கு. கல்லூரி முடித்துக் கொஞ்ச நாள் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய், ஒரு பிரவுசிங் சென்டரில் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிவு பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே கம்ப்யூட்டரில் புகுந்த ஒரு வைரஸை நான் விடாப்பிடியாகத் தேடி எடுத்ததை, பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும், "நம்ம ஆபீசுக்கு வேலைக்கு வர்றீங்களாம்மா?" என்றார். அவர்தான் ஆரோக்கியசாமி சார். பயிற்சி என்று நான் சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை.

சார் தொலைபேசித் துறையில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு உரக்கடைக்கு மேலே அறை பிடித்து அலுவலகம் போட்டிருந்தார். யூரியா வாசனை எங்கள் சம்பளத்தோடு இலவசம். மழைக்காலத்தில் வாசனை தூக்கலாக இருக்கும்.

சாருடைய கணக்கு எளிமையானது. எங்கள் பக்கம் இருந்த அமைப்புகள் எல்லாம் சின்னச் சின்னவை. பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடம், சித்தேரி மலையடிவாரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு மருத்துவமனை, ஒரு மாங்கூழ் தொழிற்சாலை, பட்டுக்கூடு வியாபாரிகள் சங்கம், வத்தல்மலைக்காரர்களின் சாமையை வாங்கி விற்றுக்கொடுத்த ஒரு தொண்டு நிறுவனம். ஒவ்வொன்றிலும் மின்னஞ்சல் பார்ப்பவர்கள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். பெரிய கம்பெனிகள் விற்ற வடிகட்டிகள் இவர்கள் கையைக் கடிக்கும். சாரோ உலகத்தில் யார் யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த மென்பொருள்களை எடுத்து, யாரோ கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்த ஒரே பெட்டியை எல்லாருக்கும் பொதுவாக வைத்தார். இவர்களுக்கு வரும் அத்தனை மடலும் முதலில் எங்கள் பெட்டிக்கு வரும். சலித்தபின் அவரவர் இடத்துக்குப் போகும். பெட்டி பொது, செலவும் பொது, அதனால் ஒருவர் தலையிலும் பாரம் விழவில்லை.

சலிப்பது எப்படி என்று பிரியாவின் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும். இதில்தான் எனக்கு ருசி.

முன்பின் தெரியாத இடத்தில் இருந்து மடல் வந்தால், எங்கள் பெட்டி அதை உடனே வாங்காது. "இப்போது முடியாது, கொஞ்சம் கழித்து வா" என்று திருப்பிவிடும். வீட்டு வாசலில் வந்து நிற்கும் ஆளிடம், "அவர் டீ குடிக்கப் போயிருக்காரு, அப்புறம் வாங்க" என்று சொல்லுவோமே, அதேதான். நிஜமாகவே வேலை இருப்பவன் திரும்பி வருவான். ஊரெல்லாம் குப்பை அனுப்பிக்கொண்டிருக்கும் எந்திரத்துக்குத் திரும்பி வரப் பொறுமை கிடையாது. இந்த ஒரு பொய்யிலேயே பெரும்பங்கு குப்பை ஒழிந்துவிடும். திரும்பி வந்த மடலை வைரஸ் தேடும் மென்பொருள் பிரித்து மேய்ந்து பார்க்கும். அதையும் தாண்டினால் மதிப்பெண். சந்தேகப்படும்படி இருக்கும் ஒவ்வொன்றுக்கும் பெட்டி மார்க் போடும். பரீட்சைக்கு நேர்மாறு இது. மார்க் ஏற ஏற மதிப்பு இறங்கும். ஒரு அளவைத் தாண்டிய மடல் போய்ச் சேராது, எங்களிடமே தங்கிவிடும்.

இங்கேதான் சாருடைய சட்டம் வரும். "அழிக்காதீங்க. நிறுத்தி வைங்க."

காலையில் வந்ததும் என் முதல் வேலை, நிறுத்தி வைத்தவற்றைக் கண்ணால் பார்ப்பது. அனுப்பியவர் பெயரையும் பொருள் வரியையும் மட்டும் பார்க்கலாம். உள்ளே படிக்கக் கூடாது. "அது யாருக்கு வந்த மெயிலுங்க?" என்பார் சார். நமக்கு வந்ததில்லை என்பது அதன் அர்த்தம். நல்ல மடல் தப்பாக மாட்டியிருந்தால் விடுவித்து, பெட்டிக்கும் "இது நல்லது" என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்புறம், நிறுத்தியவற்றின் பட்டியல் அந்தந்த அலுவலகத்துக்குப் போகும். அவர்களும் பார்த்துத் தேவையானதைக் கேட்டு வாங்கலாம். வைரஸ் இருக்கும் மடல் மட்டும் யார் கேட்டாலும் கிடையாது, கேட்பவர் கலெக்டராக இருந்தாலும்.

கண்ணால் பார்ப்பது வீண் வேலை என்று நினைப்பவர்கள் எங்கள் மருத்துவமனைச் சிஸ்டரைக் கேட்க வேண்டும். குப்பை மடல்களில் பாதி மருந்து விற்பவை. அவருக்கு வரும் நியாயமான மடல்களிலும் மருந்துப் பெயர்தான் இருக்கும். பெட்டி பாவம், எதைக் கண்டது? ஆரம்பத்தில் மருத்துவமனைக்கு வந்த மடல்களை எல்லாம் மொத்தமாகப் பிடித்து வைத்துவிட்டது. "எங்க ஆஸ்பத்திரிக்கு மருந்து பேரே வரக் கூடாதுன்னா நாங்க செபம் மட்டும் பண்ணிக்கிட்டு இருக்கணுமா?" என்று சிஸ்டர் போனில் கேட்டார். ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குப் பாடம் நடத்தி, அந்த மருத்துவமனைக்கென்று தனி மதிப்பெண் முறை போட்டுக் கொடுத்தோம். எனக்கு மண்டை காய்ந்துபோனாலும், கடைசியில் அதிகம் பாராட்டு கிடைத்தது அங்கேதான்.

சார் எல்லாரையும் "ங்க" போட்டுத்தான் பேசுவார். என்னிடமும், கீழே உரமூட்டை தூக்குபவரிடமும், ஒரே மாதிரி. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தப்பு செய்தால் திட்ட மாட்டார். "எப்படி ஆச்சுன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்காருவார். நாலு திட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். சிக்கல் பெரிது என்றால் மட்டும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். அது எதற்கு என்று நான் கேட்டதில்லை. கடிகாரம் மேசைக்கு வந்தால் நாங்கள் டீ சொல்லிவிடுவோம்.

அப்படி அது மேசைக்கு வந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதற்கு வேடியப்பன் சாரைத் தெரிய வேண்டும்.

வேடியப்பன் சார் பாப்பிரெட்டிப்பட்டிப் பள்ளிக்கூடத்தின் தாளாளர். அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, சேர்த்ததை எல்லாம் போட்டு அந்தப் பள்ளியைக் கட்டியவர். வந்த கடிதத்துக்கு அன்றைக்கே பதில் போட வேண்டும் என்பது அவர் வாழ்நாள் பழக்கம். பள்ளிக்கு மின்னஞ்சல் வந்ததும் அதே பழக்கத்தை அங்கேயும் கொண்டுவந்தார். எங்கள் பெட்டிக்கும் தப்பி, வெளிநாட்டில் இருந்து ஒரு விதவை, தன் சொத்தை உங்கள் பெயருக்கு எழுதிவைக்கிறேன் என்று மடல் அனுப்பினால், இவர் என்ன செய்வார் தெரியுமா? "அம்மையீர், தங்கள் கணவரின் மறைவு கேட்டு மிகவும் வருந்துகிறோம். சொத்து எங்களுக்கு வேண்டாம். தங்கள் உறவினருக்கே கொடுக்கவும்" என்று பதில் போடுவார். குதிகால் வலிக்கு மருந்து விற்பவனுக்கு, "எனக்குக் குதிகால் வலி இல்லை, விசாரித்தமைக்கு நன்றி."

பதில் வந்த விலாசம் உயிருள்ள விலாசம் என்று குப்பை அனுப்புகிறவர்களுக்குத் தெரிந்துவிடும். மூக்கு வியர்த்து, மொத்தக் கூட்டமும் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் படையெடுத்தது. நான் போன் செய்து, "சார், இதுக்கெல்லாம் தயவுசெஞ்சு பதில் போடாதீங்க" என்றேன்.

"ஏம்மா, ஒருத்தர் எழுதுறாங்க. பதில் போடாம விட்டா என்னப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

"அவங்க ஆளே இல்லீங்க சார். மெஷினு."

"மெஷினா இருந்தாலும் யாரோ ஒருத்தர்தானம்மா அனுப்பச் சொன்னது" என்றார். அவரை ஜெயிக்க முடியாது.

ஒருநாள் காலை, பட்டியல் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். குரல் சரியில்லை.

"கலாவதிம்மா, மாதேஷ்னு ஒரு பேர்ல வந்தத நிறுத்தி வச்சிருக்கீங்களே, அது என் பையன்மா. 'முக்கியம்'னு தலைப்புல போட்டிருக்கான். அத ஏன் புடிச்சு வச்சிருக்கீங்க? உடனே அனுப்புங்க."

எடுத்துப் பார்த்தேன். வைரஸ் மடல். அந்த நாட்களில் ஊரையே கலக்கிக்கொண்டிருந்த வகை.

"சார், அதுல வைரஸ் இருக்குதுங்க. அனுப்ப முடியாதுங்க சார்."

"வைரஸ் இருந்தா இருந்துட்டுப் போவுது. கடிதத்தக் குடுங்க."

"கடிதம் இல்லீங்க சார் அது..."

போனை வைத்துவிட்டார். மதியத்துக்குள் பஸ் பிடித்து நேரே எங்கள் படியேறி வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. தண்ணீர் கொடுத்ததை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, குடிக்காமல் பேசினார்.

"அவனுக்காகத்தாங்க அந்தப் பள்ளிக்கூடத்தையே கட்டுனேன். தாயில்லாப் புள்ள, நானே வளத்தேன். படிச்சு முடிச்சதும் வந்து நடத்துவான்னு பாத்தா, பெங்களூருக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போறேன்னு ஒத்தக் கால்ல நின்னான். போறதுன்னா போ, திரும்பி வந்து இந்த வூட்டு வாசப்படிய மிதிக்காதன்னு சொல்லிட்டேன். சொல்ற பேச்சு எதையும் கேக்காதவன், இந்த ஒரு பேச்ச மட்டும் கேட்டுட்டானுங்க. கல்யாணம் ஆயிருச்சுன்னு வெளியாளுங்க சொல்லித்தான் தெரியும். இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் எழுதியிருக்கான். முக்கியம்னு போட்டிருக்கான். ஒடம்புக்கு என்னமோ ஏதோ, தெரியலீங்க."

அந்த வைரஸுக்கு "முக்கியம்" என்பது பழக்கமான தலைப்பு. அன்று காலை மாங்கூழ்க் கம்பெனிக்கும் வேறு யாரோ ஒருவர் பெயரில் அதே "முக்கியம்" வந்திருந்தது. மகன் எழுதியதாக நம்பி, வெயிலில் ஓடி வந்திருக்கும் ஒரு மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? சாரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சார், உங்க மெயில நாங்க படிக்கறதில்லீங்க. ஆனா நீங்களே பக்கத்துல உக்காந்து, தொறந்து காட்டுங்கன்னு சொன்னா, காட்டலாம். அனுப்பத்தான் முடியாது" என்றார்.

இப்படிப்பட்டவற்றைப் பார்ப்பதற்கென்று எதோடும் இணைக்காத ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் மடலின் வெறும் எழுத்தை மட்டும் திறந்து காட்டினேன். ஒரே ஒரு வரி. விவரத்துக்கு இணைப்பைப் பார்க்கவும் என்று இங்கிலீஷில். அதன் கீழே பக்கம் பக்கமாக அர்த்தமில்லாத எழுத்துகள். வைரஸ் அங்கேதான் சுருண்டு கிடந்தது.

வேடியப்பன் சார் அந்த ஒரு வரியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இத அவன் எழுதலீங்க" என்றார் கடைசியில். "அப்பான்னு ஆரம்பிக்காம அவன் எழுத மாட்டான். கோவமா பொட்டியத் தூக்கிக்கிட்டுப் போனப்பகூட, 'வர்றேம்பா'ன்னு சொல்லிட்டுத்தான் போனான்."

அவர் முகம் தொங்கிப்போனது. எழுந்திருக்கப் போனார். அந்த மனிதரை அப்படியே படியிறக்கி அனுப்புவதை நினைக்கவே எனக்குத் தாளவில்லை.

"கொஞ்சம் உக்காருங்க சார்" என்றார் ஆரோக்கியசாமி சார். "கலாவதிம்மா, இது எங்கருந்து பொறப்பட்டதுன்னு பாருங்க."

ஒவ்வொரு மடலின் தலையிலும், அது எங்கே கிளம்பி எந்த வழியாக வந்தது என்று எழுதியிருக்கும். அனுப்பியவர் பெயரை வைரஸ் பொய்யாகப் போடலாம், போடவும் செய்யும். ஆனால் எந்த இணைப்பில் இருந்து வந்தது என்பதை வாங்குகிற பெட்டிகளே குறித்துக்கொள்ளும். பார்த்தேன். பெங்களூரில் ஒரு வீட்டு இணைப்பு. கிளம்பிய கம்ப்யூட்டர் தன் பெயரையும் சொல்லியிருந்தது: மாதேஷ்-ஹோம்.

சார் நாற்காலியை இழுத்து வேடியப்பன் சாருக்கு எதிரில் போட்டுக்கொண்டார்.

"சார், இது உங்க பையன் எழுதுனது இல்லீங்க. அதுல மாத்துப் பேச்சு கெடையாது. ஆனா இது அவரோட கம்ப்யூட்டர்லருந்துதான் வந்திருக்குது. இந்த வைரஸோட பழக்கம் என்னன்னு சொல்றேன், கேளுங்க. ஒரு கம்ப்யூட்டர்ல புகுந்துச்சுன்னா, அந்த ஆளு விலாசமெல்லாம் எழுதி வச்சிருப்பாரு பாருங்க, மொதல்ல அதத் தொறக்கும். அதுல யார் யாரு இருக்காங்களோ அவங்களுக்கெல்லாம் தன்னையே அனுப்பிக்கும். அதுல இல்லாதவங்களுக்கு அனுப்பத் தெரியாது."

வேடியப்பன் சாருக்குப் புரியவில்லை. "அதுக்கு?"

"உங்க ஸ்கூலுக்கு மெயில் விலாசம் எப்ப வாங்குனோம்?"

"நீங்கதான போன வருசம் வாங்கிக் குடுத்தீங்க."

"பையன் வூட்ட விட்டுப் போனது?"

"அது ஆயிருச்சுங்களே, அதுக்கு ரொம்ப முன்னாடி."

"அப்ப, போனதுக்கப்புறம் எங்கயோ விசாரிச்சு, தேடிப் புடிச்சு, உங்க விலாசத்த எழுதி வச்சிருக்காருங்க. இல்லேன்னா இந்த மெயிலு உங்களுக்கு வந்திருக்காது."

வேடியப்பன் சார் கையில் இருந்த தண்ணீரை மேசையில் வைத்தார். "மறுபடி சொல்லுங்க" என்றார்.

சார் மறுபடி சொன்னார். அதே வேகத்தில், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். கேட்டு முடித்ததும் வேடியப்பன் சார் என் பக்கம் திரும்பி, "அப்படித்தானம்மா?" என்றார். ஆமாம் என்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. டீ சொல்லப் போவதாகச் சொல்லி வெளியே போனேன்.

திரும்பி வந்தபோது பேச்சு வேறு இடத்துக்குப் போயிருந்தது. யாருடைய கம்ப்யூட்டரில் இருந்தாவது வைரஸ் வந்தால், அதன் சொந்தக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது எங்கள் முறை. அதைத்தான் சார் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீங்களே எழுதிப் போட்டுருங்களேன்" என்றார் வேடியப்பன் சார். "உங்க ஆபீஸ் பேர்ல."

"வழக்கமா நாங்கதாங்க எழுதுவோம். ஆனா எங்க பேர்ல போனா அது எச்சரிக்கை. உங்க பேர்ல போனாத்தான் அது கடிதம்."

"நான் எப்படிங்க மொதல்ல எழுதறது? வாசப்படிய மிதிக்காதன்னு சொன்னவன் நானு."

"அதப் பத்தி எழுத வேண்டாங்க. வைரஸப் பத்தி மட்டும் எழுதுங்க. தெரிஞ்சும் சொல்லாம விட்டா தப்பில்லீங்களா?"

கடமை என்று வந்துவிட்டால் வேடியப்பன் சார் விட மாட்டார். என் நாற்காலியில் உட்கார்ந்தார். பழைய டைப்ரைட்டிங் கை, கடகடவென்று ஓடியது. இங்கிலீஷில்தான் எழுதினார். விஷயம் சரியாக இருக்கிறதா என்று என்னைப் படித்துப் பார்க்கச் சொன்னதால் எனக்குத் தெரியும். இன்னும் மறக்கவில்லை. தமிழில் சொன்னால் இப்படி இருந்தது. பெறுநர், திரு. வே. மாதேஷ் அவர்கள். பொருள், தங்கள் கணினியில் வைரஸ் இருப்பது தெரிவித்தல் தொடர்பாக. பார்வை, தங்கள் பெயரில் இன்று பெறப்பட்ட மடல். மேற்படி மடலில் வைரஸ் இருப்பது கண்டறியப்பட்டது. இணைய இணைப்பை உடனே துண்டித்து, தக்க மென்பொருள் கொண்டு சுத்தம் செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. இப்படிக்கு, தாளாளர்.

பெற்ற பிள்ளைக்கு எழுதும் கடிதமா இது? சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"வேற ஒண்ணும் எழுதலீங்களா சார்?" என்றேன்.

"பொருளுக்குச் சம்பந்தமில்லாதத எழுதக் கூடாதும்மா" என்றார் கண்டிப்பாக. அனுப்பும் பொத்தான் பக்கம் விரலைக் கொண்டுபோனவர், நிறுத்தி, மேலே போய் ஒரு வரி சேர்த்தார். உடல்நலத்தைப் பேணவும். அனுப்பிவிட்டார்.

அன்று முதல் தினமும் காலையில், பட்டியல் போவதற்கு முன்பே கூப்பிட்டுவிடுவார். "ஏதாச்சும் நிறுத்தி வச்சிருக்கீங்களாம்மா?" இல்லை என்றால், "சரிம்மா, சரிம்மா" என்று அவரே என்னைத் தேற்றுவது போலப் பேசி வைப்பார். நாள் ஆக ஆக எனக்கே அந்த போனை எடுக்க மனம் வரவில்லை. சொல்லியிருக்கவே கூடாதோ என்று சாரிடம் கேட்டேன். "நம்ம தெரிஞ்சதத்தானங்க சொன்னோம். அதுக்கு மேல நம்ம கையில இல்லீங்களே" என்றார். ஆனால் அவரும் காலையில் வந்ததும் என் திரையைத்தான் முதலில் எட்டிப் பார்த்தார்.

ஒருநாள் வந்தது. அனுப்பியவர் மாதேஷ். பொருள், "பதில்: தங்கள் கணினியில் வைரஸ் இருப்பது தெரிவித்தல் தொடர்பாக." வைரஸ் எச்சரிக்கை என்ற பெயரிலேயே ஏமாற்று மடல்கள் திரிந்த காலம் அது. எங்கள் பெட்டி தலைப்பைப் பார்த்ததும் மார்க்கை அள்ளிப் போட்டுப் பிடித்து வைத்துவிட்டது. வைரஸ் இருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை தேடினேன். சுத்தம். இணைப்பு எதுவும் இல்லை. விடுவித்தேன். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. விரல் துறுதுறுத்தது, ஆனால் படிக்கவில்லை. வேடியப்பன் சாருக்கு நானே போன் செய்து, "சார், வந்திருக்குதுங்க. நல்லதுதான், வைரஸ் இல்ல" என்றேன். போனைக் கீழே வைக்கக்கூட மறந்து ஓடியிருந்தார். தூரத்தில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

அதற்குப் பிறகு அவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அப்பாவும் பிள்ளையும் அந்தத் தலைப்பை மட்டும் மாற்றவே இல்லை. ஒருவர் போட்ட பதிலுக்கு மற்றவர் பதில், அதற்குப் பதில். பொங்கல், பங்குனி, பள்ளி ஆண்டுவிழா, எல்லாமே தங்கள் கணினியில் வைரஸ் இருப்பது தெரிவித்தல் தொடர்பாக. 'இது நல்லது' என்று எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தும், பெட்டி சளைக்காமல் ஒவ்வொன்றையும் பிடித்தது. நானும் சளைக்காமல் ஒவ்வொரு காலையும் விடுவித்தேன். இந்த ஒருவர் மடலைச் சோதிக்காமல் விடும்படி பெட்டிக்குச் சொல்லிவிடலாமா என்று சாரிடம் கேட்டேன். "ஒரு தடவ வைரஸ் வந்த எடங்க. சோதிக்காம விடக் கூடாது" என்றார். தலைப்பை மாற்றச் சொல்லி அவர்களிடம் சொல்லலாமா என்றதற்கு மட்டும், "அது அவங்க தலைப்புங்க" என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். எனக்கும் மாற்ற மனமில்லை. காலையில் அந்த வரியைப் பார்த்தால்தான் டீ இறங்கும் என்ற நிலைக்கு வந்திருந்தேன். பிரியாவுக்கு நான் சொல்ல வருவதும் அதுதான். மெஷின் எல்லாம் சரியாகத்தான் செய்யும். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தக் காலை நேரம் என்னுடையது, அதில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு ஒரு வருடம், கோடை முடிந்து பள்ளிகள் திறந்த சமயம், அந்த வரி வருவது நின்றுவிட்டது. ஒரு நாள், சரி. மறுநாளும் இல்லை. வாரம் முழுக்க இல்லை. வேடியப்பன் சாருக்கும் வயதாகியிருந்தது. மறுபடியும் அப்பனும் மகனும் சண்டை போட்டுக்கொண்டார்களா, இல்லை வேறு ஏதாவதா? நினைக்கப் பயமாக இருந்தது. வாடிக்கையாளர்களின் சொந்த விஷயத்தை நாங்கள் விசாரிப்பதில்லை. அதுவும் சாருடைய சட்டம்தான். தயங்கித் தயங்கி அவரிடமே போய் நின்றேன்.

என்ன கேட்கப்போகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "சர்வீஸ் ஒழுங்கா இருக்குதான்னு கேக்கலாங்களே, அதுல ஒண்ணும் தப்பில்ல" என்றார்.

போன் செய்தேன். வேடியப்பன் சாரே எடுத்தார். குரல் தெளிவாக இருந்தது. பாதி உயிர் வந்தது எனக்கு.

"சார், மெயில் எல்லாம் ஒழுங்கா வருதுங்களா? உங்களுக்கு வர்றது கொறஞ்ச மாதிரி இருக்குதே, ஏதாச்சும் கோளாறோன்னு..."

"எது கொறஞ்சது?"

"அந்த... வைரஸ் இருப்பது தெரிவித்தல் தொடர்பா..."

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "அதுக்கு இனிமே வேல இல்லம்மா. அவன் குடும்பத்தோட இங்கதான் இருக்கான். கணக்கு வாத்தியார் திடீர்னு நின்னுட்டாரு. வேற ஆள் கெடைக்கிற வரைக்கும் நான் நிக்கிறேம்பான்னு, இப்ப பத்தாவதுல பாடம் எடுத்துக்கிட்டு இருக்கான். பேசுறீங்களா? கூப்பிடட்டுமா?"

"வேண்டாங்க சார்" என்றேன். "கிளாஸ் நடக்கட்டும்."